வெளிச்சுவருக்குக் கறுப்பு அடிக்கப் போகிறீர்களா?

சென்னை, கோயம்புத்தூர், மதுரை என்று எந்த ஊரில் புதிதாக முளைக்கும் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது கரிச்சாம்பல் நிறத்திலோ முழுக் கறுப்பிலோ நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளை ஜன்னல் சட்டம், தேக்குக் கதவு, வாசலில் நிற்கும் ஒரு வாழைக்கன்று, எல்லாமே கறுப்புக்கு முன்னால் தூக்கலாகத் தெரியும். இரண்டு மழைக்காலம் கழித்து அதே வீட்டைப் போய்ப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக் கோடுகள், மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே சுண்ணாம்பு வழிந்த மாதிரி ஒரு தடம், தரையை ஒட்டி முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறிப்பு. வீட்டுக்காரர் பெயின்ட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் தப்பு பெயின்ட்டின் மேல் இருக்காது.

கறுப்பு அழுக்குத் தாங்கும் என்பது பேன்ட் துணிக்குச் சரி, சுவருக்கு நேர்மாறு. நம் ஊர்ச் சுவரில் வந்து சேர்வதில் பெரும்பகுதி வெளிர் நிறம்தான்: புழுதி, சிமென்ட்டிலிருந்து கிளம்பும் உப்பு, போர்த் தண்ணீரின் கறை, பறவை எச்சம், கடற்கரை ஊராக இருந்தால் காற்றில் வரும் உப்பு. வெள்ளைச் சுவரில் இவற்றில் பாதி கண்ணுக்கே படாது. கறுப்பில் ஒன்றுகூட ஒளியாது. ஆகவே அடர்நிறம் அடிக்க நினைப்பவர் பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். செங்கல் சுவர், அதன் மேல் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம் என்ற நம் வழக்கமான வீட்டை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. முதலில் திசை

நல்ல வெள்ளைப் பெயின்ட் தன் மேல் விழும் வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். சாதாரணக் கறுப்பு அனுப்புவது சுமார் 5 சதவீதம்தான், மீதி எல்லாம் சுவருக்குள் போகிறது. உச்சி வெயிலில் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்பும் அடித்துத் தொட்டுப் பார்த்தால் 15, 20 டிகிரி வித்தியாசம் இருக்கும். மே மாதத்து மேற்குச் சுவரில் கறுப்பு 60 டிகிரியைத் தாண்டுவது பெரிய அதிசயம் இல்லை.

இந்தச் சூடு உடனே உள்ளே வராது. 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மதியம் 3 மணிக்கு மேற்குச் சுவரில் ஏறிய சூடு, நீங்கள் படுக்கப் போகும் 9, 10 மணிக்குத்தான் உள்பக்கம் எட்டும். படுக்கையறை மேற்கே இருந்தால் இரவெல்லாம் ஏ.சி. ஓடும். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் இந்தத் தாமதம்கூடக் கிடையாது, சாயங்காலமே சுவர் கொதிக்கும். உள்ளே காற்றறைகள் நிறைந்த, எடை குறைந்த ஏ.ஏ.சி. கட்டியில் கட்டிய வீட்டுக்குக் கொஞ்சம் தப்பிப்பு உண்டு.

இனி எந்தச் சுவர் என்பது. கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுவதும் வெயில் வாங்கும், சூரியன் தாழ்ந்திருக்கும்போது நேராக முகத்தில் அடிக்கும், சன்ஷேடு அதற்கு உதவாது. தெற்குச் சுவருக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. அது நன்றாக வெயில் வாங்குவது அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, அதாவது ஓரளவு குளிர்ந்த மாதங்களில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே போய்விடும். அப்போது வடக்குச் சுவருக்கு வெயில் உண்டு, ஆனால் நண்பகலில் அது ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து சாய்ந்து விழுவதால் இரண்டடி சன்ஷேடே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எனவே அடர்நிறத்துக்கு முதல் தேர்வு வடக்கு, அடுத்தது தெற்கு, கிழக்கு யோசித்து, மேற்கு வேண்டவே வேண்டாம். வீட்டு முகப்பே மேற்குப் பார்த்ததாக இருந்தால்? படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர் ரூம், லிஃப்ட் கூடு போன்றவை பின்னால் இருக்கும் பகுதியில் மட்டும் அடியுங்கள். ஆள் படுக்காத இடத்துச் சுவர் சூடானால் யாருக்கும் நஷ்டமில்லை. வராந்தா, பால்கனிகளின் உள்சுவரும் நல்ல இடம்: வெயிலும் படாது, மழையும் படாது, நிறமும் ஆழமாகத் தெரியும்.

மொட்டைமாடித் தரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கறுப்பாக்காதீர்கள். முகப்பிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியப் போவதுமில்லை.

குளிர்ப் பிரதேசங்களில் கறுப்புக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஐஸ்லாந்தில் மரத் தேவாலயத்துக்குத் தார் பூசினார்கள். ஜப்பானில் தேவதாரு வகைப் பலகையின் மேற்புறத்தைக் கருக்கிச் சுவருக்கு அடிக்கிறார்கள். அங்கே மரத்தைக் காப்பாற்ற வந்த நிறம் அது. ஜப்பானின் மட்சுமோட்டோ கோட்டையின் கறுப்பு அரக்குப் பூச்சை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஊட்டி, கொடைக்கானலில் அடர்நிறச் சுவர் வாங்கும் வெயில் வீட்டுக்கு லாபம். ஆனால் அங்கே பாசி வேறு கதை, பிறகு வருகிறேன்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். சாரம் கட்டிய பிறகு, "நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குக் கறுப்பாப்பா அடிக்கிறே?" என்று பாட்டி கேட்டால் பெயின்டர் கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவரின் அடிப்பட்டையில் கறுப்போ காவியோ அடிப்பது நம் தெருக்களில் பழைய வழக்கம்தானே என்று எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். எடுபடும் என்று உறுதி தர முடியாது. பல வீடுகளில் கரிச்சாம்பல் நிறத்தில் சமாதானம் ஆகிவிடுகிறது. அதுவே நல்ல முடிவும்கூட. ஏன் என்று சொல்கிறேன்.

2. எந்தக் கறுப்பு

வெளி வெளிச்சத்தில் எந்த நிறமும் அட்டையில் பார்த்ததைவிட வெளிறித் தெரியும். அதனால் "அட்டையிலேயே இவ்வளவு கறுப்பு, சுவரில் எப்படியோ" என்று பயப்பட வேண்டியதில்லை. அதே சமயம் முழுக் கறுப்புக்குப் போகவும் வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டத்துக்குப் பக்கத்தில் அடர்ந்த கரிச்சாம்பல் கறுப்பாகவே தெரியும். புழுதியும் உப்பும் அதில் ஒரு படி குறைவாகக் காட்டும், வெயிலும் ஒரு படி குறைவாக ஏறும்.

பெயின்ட் கம்பெனிகளின் ஷேட் விவரங்களில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்புகிறது என்பதன் அளவு, 0 கறுப்பு, 100 வெள்ளை. முழுக் கறுப்புக்கு 5 வாக்கில் வரும். 10க்கு மேல் 20 வரை உள்ள சாம்பல்கள் வெளியில் போதுமான கனத்தோடு இருக்கும். ஷேட் அட்டையில் சில நிறங்களுக்கு வெளிப்புறத்துக்கு உகந்ததல்ல என்ற குறி இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். அடர்நிறங்களில் வெளுக்காமல் நிற்பவை இரும்பு ஆக்சைடு, கார்பன் கறுப்பு ஆகியவற்றால் ஆனவை: கறுப்பு, சாம்பல், காவி, பழுப்பு. அடர்ந்த சிவப்பு, ஊதா, பளீர் நீலம் போன்றவை பெரும்பாலும் கரிம நிறமிகள், அவற்றில் பல நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அடர்நீலத்துக்கு ஆசைப்படுபவர்கள் கடையில் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

சூட்டைக் குறைக்கும் கறுப்பும் உண்டு. சூரிய ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் திருப்பி அனுப்பும் குரோமியம்–இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளில் செய்த கறுப்பு, கண்ணுக்குக் கறுப்பாக இருந்துகொண்டே சாதாரணக் கறுப்பைவிடக் குறைவாகச் சூடாகும். வெள்ளைக்கு ஈடாகாது, விலையும் கூடுதல். மேற்குச் சுவரை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதை விசாரிக்கலாம். 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்று எழுதிய டப்பாவை எல்லாம் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். புகைபோக்கிக்கு அடிப்பதும் அந்தப் பெயரில் கிடைக்கிறது. எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்ற எண்ணைக் கேளுங்கள்.

பளபளப்பு எவ்வளவு? சுவர் நூல் பிடித்த மாதிரி இருந்தால் லேசான மினுமினுப்பு நல்லது, புழுதி எளிதில் கழுவப்படும். கொத்தனார் கை மேடுபள்ளம் சுவரில் இருந்தால் பளபளப்பே இல்லாத 'மேட்' பெயின்ட். அடர்நிறத்தில் மினுமினுப்புச் சேர்ந்தால் காலை, மாலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு மட்டக்கட்டைத் தடமும் தெரியும். மேட் பெயின்ட்டுக்கும் ஒரு குறை உண்டு: கை, செருப்பு, சைக்கிள் உரசிய இடம் பளபளத்து நிற்கும். ஆள் நடமாடும் உயரத்துக்கு அதை வைக்காமல் இருப்பது உத்தமம்.

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று நிறங்களைச் சின்ன டப்பாவில் வாங்கி, சுவரிலேயே மூன்றடிக்கு மூன்றடி அடித்துப் பாருங்கள். வெயில் படும் சுவர் ஒன்று, நிழல் சுவர் ஒன்று, இரண்டிலும். காலை, நண்பகல், அந்தி மூன்று நேரமும் பார்க்க வேண்டும். கடையில் நல்ல சாம்பலாக இருந்தது வடக்குச் சுவரின் நிழலில் நீலம் தட்டுவது சகஜம். வானத்து வெளிச்சம் மட்டும் படுவதால் வரும் வினை அது. கொஞ்சம் பழுப்புச் சாயல் உள்ள சாம்பல் அங்கே சரியாக நிற்கும்.

3. சுவரைச் சோதிப்பது

முழு வேலையிலும் இதுதான் முக்கியம். இதை அவசரமாகச் செய்பவர்களின் வீட்டில்தான் முதல் மழைக்கே வெள்ளை பூக்கிறது.

புதுச் சுவர் என்றால் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் நீராற்றிக் காய விட வேண்டும். புதுச் சிமென்ட்டின் காரம் மிகக் கடுமை, பி.எச். 12, 13 வரை இருக்கும். அதன் மேல் அடித்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும், உள்ளே மிஞ்சிய தண்ணீர் வெளியே வரும்போது உப்பையும் இழுத்து வரும். அடர்நிறத்துக்கு நான் இன்னும் ஒரு மாதம் கூடுதலாகக் கேட்பேன். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாகிவிட்டது என்றால் வெளியே பிரைமரோடு நிறுத்தி, நிறத்தைப் பிறகு அடிக்கலாம்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர் இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அடிப்பகுதி, ஜன்னலுக்குக் கீழ், குளியலறைக்கு வெளிப்பக்கம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஆகிய நான்கு இடங்களிலாவது ஒட்டிப் பாருங்கள்.

பழைய சுவரில் மூன்று கேள்வி. ஒன்று, உப்புப் பூத்திருக்கிறதா? வெள்ளையாகப் பொரிந்திருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். தேய்த்த இடத்தில் சில நாளில் மீண்டும் பூத்தால் உள்ளே தண்ணீர் வரும் வழி ஒன்று திறந்திருக்கிறது என்று பொருள். குளியலறைக் குழாய், மாடித் தட்டோட்டு இணைப்பு, கைப்பிடிச் சுவரின் தலை, மண் மட்டம், இவற்றில் எது என்று கண்டுபிடித்து அடைக்காமல் கறுப்பு அடிப்பது பணத்தைச் சாக்கடையில் கொட்டுவது.

இரண்டு, கையால் தேய்த்தால் மாவு ஒட்டுகிறதா? வெயிலில் பசை கெட்டுப்போன பழைய பெயின்ட் அது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவிட வேண்டும். மூன்று, அடியில் சுண்ணாம்பு இருக்கிறதா? பல வருடம் வெள்ளையடித்த சுவரில் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு நிற்கும். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) சுருங்கிக் காயும்போது அந்த அடுக்கையே பெயர்த்துக்கொண்டு வரும். கரண்டியால் சுரண்டிச் சிமென்ட் தெரியும் வரை போகத்தான் வேண்டும். கூலி அதிகம், குறுக்கு வழி இல்லை.

பாசி பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தடவி, சற்று ஊறவிட்டு, தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பாசியைக் கொல்லாமல் மேலே அடித்தால் அது பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு வரும். மலை ஊர்களிலும் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடுகளிலும் பாசித் தடுப்புச் சேர்த்த வெளிப்புற எமல்ஷனைத்தான் வாங்க வேண்டும்.

4. விரிசலும் பட்டியும்

சிமென்ட் பூச்சு 10 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். ராத்திரி அதே அளவு சுருங்கும். கறுப்புச் சுவர் தினமும் இந்த ஆட்டத்தை வெள்ளைச் சுவரைவிட அதிகமாக ஆடுகிறது, ஆகவே பழைய விரிசல்கள் சும்மா இருக்காது. மயிரிழை விரிசலுக்கு நெகிழ்வுள்ள அடிப்பூச்சு போதும். அதைவிடப் பெரிதை 'வி' வடிவில் வெட்டி, தூசி ஊதி, அக்ரிலிக் கிராக் ஃபில்லரால் அடையுங்கள். சாதாரண சிலிகான் பசையைப் பிதுக்கிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது, கறுப்புச் சுவரில் பளபளவென்று ஒரு புழு ஊர்ந்த மாதிரி தெரியும். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் திரும்பத் திரும்ப விரிந்தால் பூச்சை உடைத்து, கோழிவலை வைத்துப் பூசுவதுதான் தீர்வு.

வெளியே முழுச் சுவருக்கும் பட்டி பார்ப்பதை (மழமழப்பாக்க மாவு போன்ற பூச்சு இழுப்பதை) நான் தவிர்க்கவே சொல்வேன். பட்டி வெள்ளை. ஒரு மூலையில் லேசாகப் பெயர்ந்தாலும் கறுப்பில் பல் தெரிவது போலத் தெரியும். பள்ளம் உள்ள இடத்தில் மட்டும் வெளிப்புறத்துக்கென்று உள்ள பட்டியைப் போட்டு, உப்புத்தாள் தேய்த்து மட்டப்படுத்துங்கள். உள்ளறைக்கு வாங்கி மீந்த பட்டியை வெளியே தீர்க்கும் சிக்கனம் வேண்டாம்.

சன்ஷேடு, ஜன்னல் படி, கைப்பிடிச் சுவர்த் தலை இவற்றின் அடிவிளிம்பில் தண்ணீர் சொட்டி விழ ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று சாரத்தில் ஏறும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் மழைநீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு சுவரிலேயே வழியும். ஜன்னலுக்குக் கீழே வரும் வெள்ளைக் கோடுகளுக்கு மூலம் இதுதான். கொத்தனாருக்கு அரை நாள் வேலை, கறுப்புச் சுவரின் ஆயுளை இதைவிட மலிவாகக் கூட்டும் வேலை வேறில்லை.

5. வாங்குவது

அளவுக் கணக்கு எளிது. 30 அடி அகலம், 22 அடி உயரமுள்ள முகப்பு 660 சதுர அடி. ஜன்னல், கதவைக் கழித்தால் 580 என்று வைப்போம். வெளிப்புற எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 50 சதுர அடி வாக்கில் வரும், சொரசொரப்புச் சுவரில் இன்னும் குறையும். 12 லிட்டர் ஆயிற்று. அடர்நிறத்தில் மூன்றாவது கோட்டுக்கு இடம் விட்டு 6 லிட்டர் சேருங்கள். ஒரு 20 லிட்டர் வாளி, முடிந்தது. பத்தும் நாலுமாகப் பிரித்து வாங்காதீர்கள்: கடையில் வேறுவேறு நாளில் கலக்கும் வாளிகளுக்குள் மெல்லிய நிற வேறுபாடு வரும், அது வெளிர்நிறத்தில் மறையும், கரிச்சாம்பலில் மறையாது. ஒன்றுக்கு மேல் வாளி தேவைப்பட்டால் ஒரே நாளில் கலக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய டிரம்மில் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிடுங்கள்.

அடர்நிறங்களை வெள்ளை நிறமி மிகக் குறைந்த தனி பேஸில், அதாவது நிறம் ஊற்றுவதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்ட்டில் கலக்குவார்கள். கடைக்காரர் அது ஸ்டாக் இல்லை என்று வேறு பேஸில் கூடுதல் நிறம் ஊற்றித் தர முயன்றால் வாங்காதீர்கள். நிறம் வராது, காயவும் காயாது.

6. நாளும் நேரமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகு, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். தை, மாசியில் காலைப் பனி ஈரம் சுவரில் இருக்கும், 9 மணிக்கு மேல் தொடங்குங்கள். சாயங்காலம் 4 மணிக்குள் முடித்தால் பனி இறங்கும் முன் காய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அடித்தே ஆக வேண்டுமென்றால் நிழலைத் துரத்திக்கொண்டு போக வேண்டும்: காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர். வெயில் காயும் சுவரில் ரோலர் வைத்த இடத்திலேயே பெயின்ட் உலர்ந்து பட்டைபட்டையாக நிற்கும். முதல் கோட் அடித்ததும் சுவரே கறுப்பாகிவிடுவதால் இரண்டாவது கோட்டின்போது இன்னும் அதிகமாகச் சுடும் என்பதைப் பெயின்டர்கள்கூடச் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

7. அடிப்பது

பிரைமர் கட்டாயம். வெளிப்புறத்துக்கான, காரம் தாங்கும் பிரைமர். வெள்ளைப் பிரைமருக்குப் பதில் அதில் கொஞ்சம் கறுப்பு ஸ்டெயினர் (நிறக்கரைசல்) கலந்து நடுத்தரச் சாம்பலாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கோட் மிச்சமாகும், பின்னால் எங்காவது கீறல் விழுந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது.

"கறுப்புதானே சார், ஒரு கோட்டுல மூடிடும்" என்பார்கள். மூடும், அது உண்மை. மூடுவது வேறு, சமமாக நிற்பது வேறு. இரண்டு கோட் கட்டாயம், சாய்வெயிலில் மேகமேகமாகத் தெரிந்தால் மூன்றாவது. தண்ணீர் கலக்கும் அளவை டப்பாவில் போட்டிருக்கிறபடி மட்டும். ரோலர் லேசாக ஓட வேண்டுமென்று கூடுதலாக ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாளிக்கு அதிகம், இன்னொன்றுக்குக் கம்மி என்று போனாலே நிறம் மாறும். "மேஸ்திரி, ஒரு மக்கு அளவு வெச்சுக்கிட்டு ஊத்துங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் டப்பாவில் 4, 6 மணி நேரம் என்று இருக்கும். அடர்நிறத்தில் நிறக்கரைசல் அதிகம் என்பதால் மெதுவாகக் காயும், மறுநாள் அடிப்பதே மேல்.

ரோலர் பிடிக்கும் விதத்தில்தான் அடர்நிறம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஓரத்தை பிரஷ்ஷால் முழுச் சுற்றும் அடித்துவிட்டு, சாப்பிட்டு வந்து நடுவை ரோலரில் அடித்தால் சுவருக்குச் சட்டம் போட்ட மாதிரி கோடு நிற்கும். ஒருவர் ஓரம் வெட்ட, பின்னாலேயே இன்னொருவர் ரோலர் ஓட்ட வேண்டும். மேலிருந்து கீழாக, அடித்த விளிம்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதன் மேல் ஏற வேண்டும். ஒரு சுவரைத் தொட்டால் அதை முடித்துவிட்டுத்தான் டீ. முடியாது என்றால் மூலை, தண்ணீர்க் குழாய், பூச்சில் விட்ட பள்ளக்கோடு இப்படி ஓர் இயல்பான எல்லையில் நிறுத்துங்கள். ஆள் பற்றாவிட்டால் பெரிய சுவரையே இப்படிப் பள்ளக்கோடு போட்டு முன்கூட்டிப் பிரித்துக்கொள்ளலாம்.

சவுக்குக் கம்புச் சாரம் சுவரைத் தொடும் இடங்களைக் கடைசியில் திட்டுத்திட்டாக நிரப்புவது வழக்கம். வெளிர்நிறத்தில் பரவாயில்லை. கறுப்பில் வரிசையாகப் பொட்டு வைத்தது போல இருக்கும். கம்பின் முனை சுவரில் படாமல் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள், அல்லது கடைசிக் கோட்டைக் கயிற்றுத் தொங்கலில் அடியுங்கள். உயரத்தில் வேலை செய்பவருக்கு இடுப்புப் பட்டி, தெரு மின்கம்பியிலிருந்து விலகிய சாரம், இவை இரண்டையும் ஒப்பந்தம் பேசும்போதே பேசிவிட வேண்டும்.

8. அடிக்கக் கூடாதவை

சுவர் கறுப்பானதும் அதன் மேல் ஓடும் வெள்ளைப் பி.வி.சி. குழாய் கண்ணை உறுத்தும், பெயின்டரும் மீதிப் பெயின்ட்டை அதில் தீர்க்கப் பார்ப்பார். மழைநீர்க் குழாய் கறுப்பானால் வெயிலில் இளகிக் கிளாம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே வளையும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் என்றால் மதியம் முகம் கழுவ முடியாத அளவுக்குச் சுடுதண்ணீர் வரும். அவற்றை வெளிர்ச் சாம்பலாக்குங்கள், அல்லது முகப்பில் தெரியாத பக்கம் மாற்றுங்கள். வெள்ளை யு.பி.வி.சி. ஜன்னல் சட்டத்துக்கும் இதே காரணத்தால் கறுப்பு ஆகாது. கறுப்பு ஜன்னல்தான் வேண்டுமென்றால் அலுமினியம். இரும்பு கிரில், கேட்டுக்குக் கறுப்பு எனாமல் எப்போதும் போல அடிக்கலாம்.

9. அடித்த பின்

காய்ந்து சில நாளுக்குள் மழை பிடித்தால் அடர்நிறச் சுவரில் நத்தை ஊர்ந்த மாதிரி வழவழப்பான கோடுகள் வரும். பெயின்ட்டுக்குள் இருக்கும் கரையும் பொருள்கள் மேலே வந்ததால் ஏற்படுவது. பயந்து மறுகோட் அடிக்காதீர்கள், சீக்கிரமே நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும்.

கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் அதைச் சுவரில் பீய்ச்சிவிட்டு வெயிலில் காயவிட்டால் இருந்த புழுதிக்குப் பதில் வெள்ளைப் படலம் வரும். மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ போதும், மெல்லிய பிரஷ், மேகமூட்டமான நாள். தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போடுங்கள், வழிநீர்க் குழாயைச் சுவரிலிருந்து அரையடி வெளியே நீட்டிவிடுங்கள். செடிக்குப் பீய்ச்சும் தண்ணீர் சுவரில் படக் கூடாது. தரையை ஒட்டி இரண்டடி உயரத்துக்குக் கடப்பாக் கல்லோ கருங்கல் பட்டையோ ஒட்டி, சுவரடியில் ஜல்லி பரப்பிவிட்டால் மழையில் செம்மண் தெறிப்பது பெருமளவு நிற்கும்.

மிச்சமிருக்கும் பெயின்ட்டில் ஒரு லிட்டரைக் காற்றுப் புகாமல் மூடி, மூடியில் ஷேட் எண்ணும் கலந்த தேதியும் எழுதி நிழலில் வையுங்கள். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் அதைத் தொட்டு வைத்தால் திட்டாகத் தெரியும். அடுத்த மூலை வரை அந்தப் பகுதியை முழுதாக அடிக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு லிட்டர் போதாவிட்டால் அந்த எண்ணைக் காட்டிப் புதிதாகக் கலக்கச் சொல்லி, பழையதையும் அதிலேயே ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள்.